ஒன்பதாம் எண் பாட்டிலும் அடுத்த மூன்றும்

நடந்தவை இவை:

1. மாத்திரை அழுத்தும் பிரிவில் செல்வம் என்ற தொழிலாளி, இயந்திரத்தின் முன்னால் நின்றபடியே தூங்கிவிட்டார்.
2. எங்கள் ஆலையில் அப்போது தயாரித்தது தூக்க மாத்திரை. செல்வம் அதை எடுத்து விழுங்கியிருக்கிறார் என்று மேலாளர் முடிவு செய்தார்.
3. அந்தப் பிரிவில் உள்ள இருபத்து மூன்று பேருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்டது.
4. மாதிரி சேகரிக்கும் வேலை என்னிடம் வந்தது. எனக்கு வயது இருபத்து இரண்டு.
5. இருபத்து மூன்று பாட்டில்கள் நிரம்பி வந்தன. நான்கில் மருந்து தெரிந்தது.
6. அந்த நால்வரில் மூன்று பேர் அன்று எங்கள் பாட்டிலில் ஒரு சொட்டுகூடச் சிறுநீர் கழிக்கவில்லை.

ஆறாவது விவரம் மறுநாள் காலையில்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் நான்கு பேரையும் வேலையை விட்டு நீக்கும் கடிதங்கள் தட்டச்சாகித் தயாராக இருந்தன.

சென்ற மாதம் ஓர் ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். அங்கே வேலை செய்யும் பெண்கள் இருவர், சிறுநீர் மாதிரி எடுக்கும் புதிய பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார்கள். கோப்பையின் பக்கவாட்டிலேயே சூட்டைக் காட்டும் பட்டை இருக்கிறது. மூடியில் கிழித்தால் ஒட்டாத முத்திரைத் தாள். "மேடம், இதெல்லாம் இல்லாம நீங்க எப்படி எடுத்தீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "தப்பா எடுத்தோம்" என்றேன். சிரித்துவிட்டு, எப்படித் தப்பாக எடுத்தோம் என்று எழுதித் தரச் சொன்னார்கள். அதற்காகவே இது.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புதுச்சேரியில் இரண்டு ஆண்டு ஆய்வகத் தொழில்நுட்பப் பயிற்சி. பிறகு மாவட்டம் மாவட்டமாக விண்ணப்பம் போட்டதில், திருபுவனைப் பக்கம் புதிதாக வந்த மருந்து ஆலையில் இடம் கிடைத்தது. எங்கள் வீடு வில்லியனூர் கடைத்தெருவில். அப்பாவுக்கு இரும்புச் சாமான் கடை. பரிசோதனை வேலை எனக்கு ஒதுக்கப்பட்டது என்று சொன்னதும் அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "இதுக்காடி ரெண்டு வருஷம் படிச்ச?" அப்பா கடையிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் கையுறை எடுத்துக் கொடுத்தார். அது சாக்கடை வேலைக்கு விற்பது. முழங்கை வரை வரும்.

ஆய்வகத் தலைவர் பெயர் சவரிநாதன். புதுச்சேரி நகரத்துக்காரர், பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். நகரத்துப் பழைய வழக்கப்படி எல்லோரும் அவரை 'முசே', அதாவது ஐயா, என்றே அழைத்தோம். ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகள் இருந்தன. கண்ணாடியைத் துடைக்க வடிதாளைத் தவிர வேறெதையும் பயன்படுத்த மாட்டார். ஒரு துண்டு வடிதாளை நான்காகக் கிழித்து, நான்கு நாளைக்கு வைத்துக்கொள்வார். நான் எதைச் சொன்னாலும் அவர் முதலில் கேட்பது "எழுதினாயா?" என்பதுதான். தண்ணீர் குழாயில் வரவில்லை என்று சொன்னாலும் அதையேதான் கேட்பார். ஆகவே எழுதும் பழக்கம் எனக்கு வந்தது. பாட்டிலைக் கையில் வாங்கியதும் நிறம், கலங்கல், அடர்த்தி, அமிலத் தாளின் எண் என்று நான்கு விவரங்களை ஒரு வரியில் எழுதிவிடுவேன். மேலாளர் கேட்டது மருந்து இருக்கிறதா என்று மட்டும்தான். மற்றவற்றை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் எழுதினேன்.

அறிவிப்பு முந்தைய நாளே ஒட்டப்பட்டது முதல் தவறு. காலை ஆறு மணி ஷிப்ட் தொடங்கும்போது பதினோரு பேர் வீட்டிலிருந்தே பாட்டிலோடு வந்து நின்றார்கள். அரசு மருத்துவமனையில் அதுதான் வழக்கம். வீட்டில் எந்தப் பாட்டில் காலியாக இருக்கிறதோ அதில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். இருமல் மருந்துப் பாட்டில், தேங்காயெண்ணெய்ப் பாட்டில், பிராந்திக் கால் பாட்டில் என்று என் மேசையில் வரிசையாக வைத்தார்கள். எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன்.

இயந்திரம் ஓட்டும் கோதண்டத்துக்கு மட்டும் அதைத் திரும்ப வாங்க மனசு வரவில்லை. நாற்பதை ஒட்டிய வயது. ஏம்பலத்தில் கொஞ்சம் கரும்பு போட்டிருந்தார். பிரிவில் யாருக்கு எது முடியாவிட்டாலும் அவர்தான் கை கொடுப்பார்.

"இன்னாம்மா வாங்க மாட்டேன்ற? எழுந்தவொடனே புடிச்சதும்மா. பெரியாஸ்பத்திரில அதான கேப்பாங்க?"

"இங்க வேணாம்ண்ணே. இங்கயே புதுசா குடுக்கணும்."

"ஏம்பலத்துலேருந்து மடியில வெச்சினு வந்தன். கண்டக்டர் இன்னா பாட்டிலுன்னு கேட்டான். நல்லெண்ணெய்னு சொல்லிட்டன்."

பின்னால் நின்ற ஒருவர், "தலைக்கு ரெண்டு சொட்டு வுடுன்னு கேக்கலியே, அதுவரிக்கும் பரவால்ல" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது.

வீட்டிலேயே கழித்துவிட்டு வந்ததால் இனி எப்படி வரும் என்பது கோதண்டத்தின் கவலை. நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றேன். இது இரண்டாவது தவறு. அவர் பானையடியில் நின்று சொம்பு சொம்பாகக் குடித்தார்.

கழிப்பறை கொதிகலன் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. நான் எண் ஒட்டிய வாயகன்ற பாட்டில்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு, கழிப்பறைக் கதவிலிருந்து ஐந்தடி தள்ளி நின்றேன். முதல் எட்டுப் பேர் எப்படியோ முடித்துவிட்டார்கள். பிறகு வேலை நின்றது. உள்ளே போனவர்கள் வெறும் பாட்டிலோடு வெளியே வந்தார்கள். செல்வம் என் முன்னால் வந்து தயங்கினார். அவருக்கு என்னைவிட இரண்டு வயதுதான் கூட இருக்கும்.

"லேப் அம்மா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"நீங்க நிக்கிறீங்க."

"ஆமா."

"அதாங்க."

எனக்குப் புரிந்தது. எனக்கும் அங்கே நிற்க ஆசையில்லை. தட்டை ஒரு திண்டில் வைத்துவிட்டு, கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வாயிற்கதவுப் பக்கம் இருந்த குழாயடிக்குப் போய் நின்றேன். மூன்றாவது தவறு இதுதான், மற்ற இரண்டையும்விடப் பெரியது. ஆனால் அன்று அதை மரியாதை என்று நினைத்தேன். கால் மணி நேரத்தில் எல்லாப் பாட்டில்களும் நிரம்பி என் கைக்கு வந்தன. என்னிடம் இருந்த அடர்த்திமானியை ஒவ்வொன்றிலும் மிதக்கவிட்டு அளவு எழுதினேன். வேலை சுத்தமாக முடிந்தது என்று எனக்கு மகிழ்ச்சி.

அன்று பகல் முழுதும் பிரித்தெடுக்கும் வேலை. சிறுநீரில் சிறிது அமிலம் விட்டு, ஈதர் ஊற்றிக் குலுக்கி, மேலே மிதக்கும் ஈதரை மட்டும் வடித்து ஆவியாக்க வேண்டும். அடியில் தங்குவதைக் கண்ணாடித் தகட்டில் பூசிய வெள்ளைப் பொடியின் மேல் சிறு புள்ளியாக வைத்து, தகட்டைக் கரைப்பான் ஊற்றிய ஜாடியில் நிறுத்த வேண்டும். கரைப்பான் மேலே ஏறும்போது மருந்தையும் தூக்கிக்கொண்டு போகும். ஒவ்வொரு மருந்தும் தன் உயரத்தில் நின்றுவிடும். பிறகு பாதரச உப்புக் கரைசலைத் தெளித்தால், எங்கள் மாத்திரை வகை மருந்து இருக்கும் இடத்தில் ஊதா நிறம் வரும். ஒப்பிட்டுப் பார்க்க, எங்கள் மாத்திரையையே கரைத்துத் தகட்டின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தோம்.

மாலை நான்கு மணிக்குத் தெளித்தேன். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. நான்கு ஊதாப் புள்ளிகள். பத்தாம் எண் செல்வத்துடையது.

மேலாளர் சென்னையிலிருந்து வந்தவர், வேகமானவர். தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சந்தேகப்பட்டவனே இருக்கான். கூட மூணு பேரு. கூட்டாத்தான் எடுத்திருக்காங்க."

முசே கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "நம்ம புள்ளியவிட இந்த நாலும் ஒரு நூல் கீழ நிக்குது" என்றார்.

"கலர் ஒண்ணுதானே சார்?"

"கலர் ஒண்ணுதான். உயரம் ஒண்ணு இல்ல. நாளைக்கு நீளமான தகடு போட்டுப் பார்த்துச் சொல்றேன்."

"நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடியும். அப்ப கடிதம் கையில குடுத்துடுவேன். போலீசுக்கும் எழுதணும்." நால்வரின் பெயரையும் குறித்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை முசே நாற்காலியில் அமர்ந்து, "எழுதினாயா?" என்றார்.

"எழுதினேன் முசே."

"எழுதினதை வாசி. ஒண்ணாம் எண்ணிலேருந்து."

வாசித்தேன். முதல் எட்டுப் பேரும் எட்டு விதம். ஒருவருடையது கருமஞ்சள், ஒருவருடையது கலங்கல், அடர்த்தியும் ஒன்றுக்கொன்று ஒட்டாது. ஒன்பதுக்கு வந்தேன். வெளிர்மஞ்சள், தெளிவு, அடர்த்தி ஆயிரத்து ஆறு, அமிலத் தாள் ஆறரை. பத்து: வெளிர்மஞ்சள், தெளிவு, ஆயிரத்து ஆறு, ஆறரை. பதினொன்றை வாசிக்கும்போது என் குரல் மெல்லக் குறைந்தது. பன்னிரண்டை முசேயே முடித்தார்.

"ஆயிரத்து ஆறு, ஆறரை. இந்த நாலு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்களா?"

நான் எழுந்து ஓடினேன். செல்வம் சல்லடை அறையில் மாவு சலித்துக்கொண்டிருந்தார். வெளியே அழைத்துக் கேட்டேன். முதலில் விழித்தார். கடிதம் தயாராகிவிட்டது என்று சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது.

"சத்தியமா நான் ஒண்ணுக்குப் போவவே இல்லைங்க. நீங்க அந்தாண்ட போயிட்டீங்க, ஆனா நிக்கிற மாரியே இருந்துது. அப்படியே அடைச்சுப்போச்சு. கோதண்டண்ணன் உள்ள போனவரு ரொம்ப நேரமா வர்ல. 'அண்ணே, நெறைய இருக்குதா?'ன்னு கேட்டேன். 'இங்க குடுடா பாட்டில'ன்னாரு. பின்னாடி இருந்த ரெண்டு பேரும் நீட்டிட்டாங்க."

"அது தப்புன்னு தோணலையா?"

"ஒரே செக்‌ஷன்தானங்க நாங்க?"

அவர் கேட்டதில் கபடம் இல்லை. சோறு தீர்ந்தால் பக்கத்து டிபனிலிருந்து எடுத்துக்கொள்கிறவர்கள். இதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

"சரி, அன்னைக்கு ஏன் தூங்கினீங்க?"

"மோட்டாருக்குக் கரண்டு ராத்திரிலதான் வுடறான். பதினஞ்சு நாளா எங்க கரும்புக்குத் தண்ணி கட்டிட்டு நேரா பஸ் ஏறி வரேன்."

இதையெல்லாம் முசேயிடம் சொன்னேன். அவர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "நாலு பேரையும் கூப்பிடு. மறுபடியும் எடுக்கலாம். இந்தத் தடவை வாசல்ல நிக்கிறது நான்."

நின்றார். கழிப்பறைக்குள்ளேயே, கதவைத் திறந்து வைத்து, முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் செய்தித்தாளோடு நின்றார். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே. நான் கொட்டகை மறைவில் வெப்பமானியோடு காத்திருந்தேன். பாட்டில் முசே கைக்கு வந்து என் கைக்கு வந்ததும் முதலில் வெப்பமானி. உடம்புச் சூடு இருக்க வேண்டும். செல்வத்துக்கு மட்டும் நாற்பது நிமிடம் ஆனது.

"வருதாடா?"

"வருது முசே. வில்லியனூர் தாண்டிடுச்சு."

"சீக்கிரம் திருபுவனைக்கு வரச் சொல்லு. எனக்குக் கால் வலிக்குது."

நீளமான தகட்டில் நான்கையும் ஓட்டினோம். செல்வத்துடையதும் மற்ற இருவருடையதும் வெறும் வெள்ளை. கோதண்டத்துடையதில் மட்டும் ஊதாப் புள்ளி. எங்கள் மாத்திரைக்கு அரை விரல் கீழே நின்றது. அந்த இடத்தில் எது நிற்கும் என்று பயிற்சியில் பார்த்திருக்கிறேன். வலிப்புக்குக் கொடுக்கும் மருந்து, எங்கள் தூக்க மாத்திரைக்குச் சொந்தம்தான். நிறம் ஒன்றாக வந்தது அதனால்தான்.

கோதண்டத்தை ஆய்வகத்துக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினேன்.

"அண்ணே, தினம் ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. வேட்டி மடிப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள்.

"ஆறு வருஷமாம்மா. பெரியாஸ்பத்திரில குடுக்கிறாங்க. இத சாப்பிட ஆரம்பிச்சதுலேருந்து ஒருவாட்டிகூட வர்ல. மாத்திரை வயித்துக்குள்ள போவுது, மூத்திரத்துல போயி எப்படிம்மா தெரியுது? தெரிஞ்சிருந்தா அந்தப் பசங்களுக்குக் குடுத்திருப்பனா?"

"வீட்டுல தெரியுமா?"

"பொண்டாட்டிக்கு மட்டும். எம் பொண்ணுக்கு மாப்ள பாக்குறாங்க. இங்க தெரிஞ்சா வலிப்புக்காரன மெஷின்ல நிக்க வுடுவாங்களா? ஏம்பலம் முழுக்கத் தெரிஞ்சிடும்."

பகல் ஒன்றரை மணிக்கு முசே அறிக்கையைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நான்கே வரி. முதல் சேகரிப்பு செல்லாது, தவறு ஆய்வகத்துடையது. மறு சேகரிப்பில் ஆலையின் மாத்திரை நால்வரிடமும் இல்லை. செல்வம் தூங்கியதற்கு இரவுப் பாசனம் காரணம். கையெழுத்து.

மேலாளர் வாசித்துவிட்டு, "மறுபடி எடுத்ததுலயும் ஒன்பதாம் எண்ல ஒரு புள்ளி இருந்ததுன்னு கேள்விப்பட்டேன். அது என்ன?" என்றார்.

"நீங்க கேட்டது, நம்ம மாத்திரை இருக்கான்னு. இல்ல."

"நான் மேனேஜர். தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"ஆலை டாக்டர் வியாழக்கிழமை வர்றார். கேக்கிறதா இருந்தா அவர் கேக்கலாம். நீங்க கேக்கக் கூடாது, நானும் சொல்லக் கூடாது." முசே சொல்லிவிட்டு வடிதாளைத் தேட ஆரம்பித்தார். அவர் கண்ணாடி துடைக்கும்போது யாரும் அவரோடு வாதாட முடியாது. அவருக்குக் கண் தெரியாததால், எதிரே இருப்பவரின் கோபமும் தெரியாது. மேலாளர் நான்கு கடிதங்களையும் என் முன்னாலேயே கிழித்தார். செல்வத்தைக் கரண்டு இரவில் வரும் வாரங்களில் மதிய ஷிப்ட்டுக்கு மாற்றினார். வேகமானவர், ஆனால் கெட்டவர் இல்லை.

முசே செய்தது சரி. ஆனால் எனக்கு அது போதவில்லை. கோதண்டம் ஓட்டியது சுழலும் அழுத்து இயந்திரம். மேலிருந்தும் கீழிருந்தும் இரும்புக் குச்சிகள் வரிசையாக அழுத்தி மாவை மாத்திரையாக்கும். மாவு அடைத்தால் ஓட்டத்திலேயே கையை விட்டுத் தட்டுவார்கள், கூடாது என்று எழுதிப் போட்டும். ஆறு வருடம் வராதது நாளை வந்தால், அந்தக் கை எங்கே இருக்கும்?

மறுநாள் அவரிடம் சொன்னேன். டாக்டரிடம் அவரே சொல்லி, வேறு பிரிவு கேட்க வேண்டும் என்றேன்.

"உன்னாலதாம்மா தப்பிச்சன். இப்ப நீயே புடிச்சுக் குடுக்கிறியா?"

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

"சொல்லலன்னா?"

"சொல்லலன்னாலும் நான் சொல்ல மாட்டேன். ஆனா தினம் உங்க மெஷின் பக்கம் வந்து பாத்துட்டுப் போவேன்."

போனேன். காலை எட்டு மணிக்கு ஒருமுறை, பதினொன்றுக்கு ஒருமுறை, ஒரு மணிக்கு ஒருமுறை. எதுவும் பேச மாட்டேன். அவர் கையைப் பார்ப்பேன், திரும்பி வருவேன். மூன்றாம் நாள் பிரிவில் பேச்சு கிளம்பிவிட்டது. "யோவ் கோதண்டம், லேப் அம்மா உன்னையே சுத்திச் சுத்தி வருதே, இன்னா விஷயம்? இன்னும் ரெண்டு பாட்டில் வேணுமாமா?" என்று செல்வமே கத்தினார். கோதண்டம் என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"போதும்மா தாயே. வியாழக்கிழமை போறேன்."

போனார். டாக்டர் சீட்டில் எழுதியது ஒரே வரி: 'சுழலும் இயந்திரத்தில் நிற்க வேண்டாம்.' காரணம் எழுதவில்லை. அதே சம்பளத்தில், மாத்திரைகளைப் பட்டையில் அடைக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். உட்கார்ந்து செய்யும் வேலை. மூட்டு வலி என்று அவரே ஊருக்குச் சொல்லிக்கொண்டார். என்னோடு மட்டும் ஒரு மாதம் பேசவில்லை.

அந்த வாரம் சிறுநீர் சேகரிக்கும் விதிகளை எழுதிக் கழிப்பறைச் சுவரில் ஒட்டினேன். வீட்டுப் பாட்டில் வாங்கப்படாது. முன்கூட்டி அறிவிப்பு இல்லை. ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீர் கூடாது. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் துணை நிற்க வேண்டும். உள்ளே ஒருவர் மட்டும். கைக்கு வந்ததும் சூடு பார்த்து எழுத வேண்டும். தந்தவர் கண் முன்னாலேயே இரண்டு பாட்டிலாகப் பிரித்து, ஒன்றை அரக்கு வைத்து மூடி அவரையே கையெழுத்திட வைக்க வேண்டும். வராதவரை அவசரப்படுத்தக் கூடாது. நாற்காலி போட வேண்டும். சாப்பிடும் மருந்துகளை அவரவர் ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டித் தர வேண்டும். அந்த உறையை டாக்டர் மட்டும் திறக்கலாம். இவ்வளவும் என்னுடையது. முசே கீழே தன் கையால் ஒன்று சேர்த்தார்: 'இங்கே பிறருக்கு உதவுவது குற்றம்.' அதைப் படித்துவிட்டுப் பலர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். அதனால் வேலையும் சீக்கிரம் முடிந்தது.

பிறகு நான் மூன்று இடங்களில் வேலை பார்த்தேன். விதிகளை இடத்துக்கு ஏற்ப மாற்றினேன். உறை பற்றியதை மட்டும் எங்கும் மாற்றவில்லை. மேலாளர்கள் எல்லா இடத்திலும் அந்த உறையைக் கேட்டார்கள். எங்கும் கொடுக்கவில்லை.

கோதண்டத்துக்கு வலிப்பு ஒருமுறை வந்தது. பிரிவு மாறி ஓராண்டு கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. மகள் திருமணம் முடிந்திருந்தது. என்னை ஓடி வந்து கூப்பிட்டார்கள். போனபோது முக்காலியிலிருந்து சரிந்து தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். கையில் நான்கு மாத்திரை அடைத்த ஒரு பட்டை இருந்தது. பக்கத்தில் ஒட்டுத் தாள்கள் சிதறிக் கிடந்தன. வேறு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நிமிடத்தில் கண் விழித்து என்னைப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினார். பத்தும் இருந்தன.

அவர் அந்த ஆலையிலேயே வேலை செய்து ஓய்வு பெற்றார். இப்போது ஏம்பலத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். மாத்திரையை நிறுத்தவில்லை.